சம்பளம்: புண்ணியம்

எங்கள் கெடா வட்டாரத்தில் காசோலையின் நீளம் ஆறடி. சுங்கை பட்டாணியோ, கூலிமோ, பாடாங் செராய்க் கோயில் மண்டபமோ, பார்வையற்றோருக்கு உதவி என்று ஒரு விழா நடந்தால் முதலில் மேடையேறுவது அந்த அட்டைக் காசோலைதான். ஒரு முனையை மக்கள் பிரதிநிதியான ஒய்பி பிடிப்பார், மறுமுனையை டத்தோ பிடிப்பார். நடுவில் கறுப்புக் கண்ணாடியும் வெள்ளைக் கோலுமாக, விழா யார் பெயரில் நடக்கிறதோ அவர் நிற்பார். "கொஞ்சம் கேமராவைப் பாருங்க சார்" என்று புகைப்படக்காரர் சொல்வதும் அவரிடம்தான். அட்டையில் எத்தனை சுழியம் போட்டிருக்கிறது என்பது மண்டபத்தில் இருக்கும் அத்தனை பேருக்கும் தெரியும், வாங்குகிறவரைத் தவிர. அவர் தடவினால் விரலுக்குக் கிடைப்பது வழவழப்பான நுரை அட்டை. அந்தத் தொகையை நாலு புள்ளியில் குத்திவைக்க ஊரில் ஓர் ஆள் இல்லை. குத்திவைக்க வேண்டும் என்று தோன்றிய ஆளும் இல்லை.

பிரெயில் என்ற பெயர் மட்டும் எல்லாருக்கும் தெரியும். லூயி பிரெயில் பிறந்த ஜனவரி 4-ஐ 2019 முதல் ஐக்கிய நாடுகள் சபை உலகப் பிரெயில் தினமாகக் கொண்டாடுகிறது. தேதி ஒன்று கிடைத்துவிட்டால் போதாதா நம் மன்றங்களுக்கு? பேனர், பந்தி, பொன்னாடை, பரதம், கடைசியில் கரோக்கே.

சில ஆண்டுகளுக்கு முன் அப்படி ஒரு விழாவில் சாதனையாளர்களுக்குப் பிரெயிலில் அச்சடித்த நற்சான்றிதழ் கொடுத்தார்கள். எந்த மன்றம் என்று சொல்லி அவர்களுக்கு விளம்பரம் தேடித்தர எனக்கு விருப்பமில்லை. "நம்ம வட்டாரத்திலேயே முதன்முறையாக" என்று அறிவிப்பாளர் மூன்று மொழியிலும் முழங்கினார். தொலைபேசி இணைப்பாளராக இருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் அதை வாங்கிக்கொண்டு வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். ஆள்காட்டி விரலை இடமிருந்து வலமாக ஓட்டினார். மறுபடி ஓட்டினார். தாளைத் திருப்பி முதுகையும் தடவினார்.

"தம்பி, எழுத்து எங்க இருக்கு?"

பார்த்தேன். இருந்தது. தங்க நிறத்தில், அழகாக, வரிசையாக. பளபளப்புத் தாளில் மையால் அச்சடித்த புள்ளிகள். கண்ணுள்ளவன் பார்த்துப் பரவசப்படுவதற்கென்றே செய்த பிரெயில். செயற்குழுத் தம்பி ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "புள்ளியெல்லாம் கரெக்டா இருக்கேண்ணே, கலர்கூட மங்கலையே" என்றார். சரி, என்னதான் எழுதியிருக்கிறார்கள் என்று புள்ளிகளை எழுத்துக் கூட்டினேன். ஆங்கில அரிச்சுவடியில் ஏ முதல் ஜே வரை. இணையத்தில் கிடைத்த படம் ஒன்றை வடிவமைப்பாளர் எடுத்து ஒட்டியிருந்தார். ஒரு மனிதர் ஆயுசு பூராவும் உழைத்ததற்கு நம் சமூகம் எழுதிக் கொடுத்த பாராட்டுரை: ஏ, பி, சி, டி.

கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பெயரில் ஒரு கால் விட்டுப்போனால் அச்சகத்தில் போய்க் கலவரம் செய்கிற கூட்டம் இது. தாய்மாமன் பெயருக்கு முன்னால் 'திரு' இல்லையென்று சம்பந்தமே முறிந்த கதை எங்கள் பீடோங்கில் உண்டு. அதே கூட்டம்தான் புள்ளி இருந்தால் போதும், பொருள் எதற்கு என்கிறது. படிக்கப் போகிறவனுக்குத்தான் பார்வை இல்லையே, பிழையை யார் பார்க்கப் போகிறார்கள் என்ற தைரியம். அதுதான் உள்ளே இருப்பது. மரியாதையாகச் சொல்ல வேறு வழி தெரியவில்லை.

பிரெயிலில் எழுதுவது என்ன வேலை என்று ஒருதரம் சொல்லிவிடுகிறேன். கை தட்டியே பழகியவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ஆறு புள்ளி. இடப்பக்கம் மேலிருந்து கீழாக 1, 2, 3. வலப்பக்கம் 4, 5, 6. இவற்றைக் கூட்டியும் குறைத்தும் 63 வடிவங்கள் கிடைக்கும். தமிழின் 247 எழுத்தும், மலாயும், ஆங்கிலமும், கணக்கும், சங்கீதமும் இந்த 63-க்குள்ளேயே குடியிருந்தாக வேண்டும். ஒரே வடிவம் ஒரு மொழியில் ஒன்று, இன்னொரு மொழியில் வேறொன்று. தமிழில் 3, 4, 5, 6 நான்கும் சேர்ந்தால் ண. அதே நான்கு புள்ளிதான் 'அடுத்து வருவது எண்' என்று சொல்லும் குறியும். எந்த இடத்தில் எது என்று எழுதுகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், படிக்கிறவர் தடுமாறாதபடி அமைக்கவும் தெரிந்திருக்க வேண்டும்.

அச்சுத் தமிழில் 'கொ' எழுத ககரத்துக்கு முன்னால் ஒரு கொம்பு, பின்னால் ஒரு கால். பிரெயிலில் அந்தச் சுற்றிவளைப்பு கிடையாது, முதலில் க, அடுத்து ஒ. 'க்' எழுத வேண்டுமென்றால் தலைக்கு மேலே வைக்கிற புள்ளி இங்கே எழுத்துக்கு முன்னாலேயே வந்து நிற்கும். பெர்கின்ஸ் என்கிற பிரெயில் தட்டச்சு எந்திரத்தில் ஆறு புள்ளிக்கு ஆறு விசை, இடக்கையில் மூன்று விரல், வலக்கையில் மூன்று விரல். 'ட' எழுத 2, 3, 4, 5, 6 என்று ஐந்து விரல்களையும் ஒரே நேரத்தில், ஒரே பலத்தில் அமுக்க வேண்டும். சுண்டுவிரல் பக்கம் கொஞ்சம் அசந்தால் புள்ளி அரைகுறையாக எழும்பும், படிக்கிறவர் விரல் அதைத் தாண்டிப் போய்விடும். இது எந்திரத்தில். பலகையிலும் ஊசியிலும் எழுதுவது இன்னொரு கதை. தாளின் முதுகில் குத்தினால்தான் முகத்தில் மேடு எழும்பும் என்பதால் எல்லாவற்றையும் வலமிருந்து இடமாக, கண்ணாடியில் தெரிகிற மாதிரி இடவலம் மாற்றிக் குத்த வேண்டும்.

இப்போது ஒரு புள்ளி பிசகினால் என்ன ஆகும் என்று பாருங்கள். 1, 2, 3 மூன்றும் சேர்ந்தால் ல. அதோடு 4 சேர்ந்தால் ப. 5 சேர்ந்தால் ர. 6 சேர்ந்தால் வ. 'தலை' என்று எழுதும்போது நடு எழுத்தில் ஐந்தாம் புள்ளி தெரியாமல் விழுந்துவிட்டால் அது 'தரை'. தலைவர்களே, உங்களைத் தரைக்குக் கொண்டுவர எதிர்க்கட்சி வேண்டாம், பொதுப்பேரவை வேண்டாம், ஒரு புள்ளி போதும். 'கலை விழா' அப்படியே 'கரை விழா' ஆகிவிடும். எங்கள் ஊர்க் கலை விழாக்களைப் பார்த்தவர்கள் அதைப் பிழை என்று சொல்ல மாட்டார்கள், அது வேறு விஷயம்.

எழுத்தோடு வேலை முடியவில்லை. படிவம் மூன்று கணக்குப் புத்தகத்தைத் திறந்தால் பக்கத்துக்கு ஒரு வட்ட விளக்கப்படம், ஒரு கோட்டு வரைபடம். புவியியல் புத்தகத்தில் கெடா மாநில வரைபடம். முழுப் படத்தையும் அப்படியே மேடாக்கிக் கொடுத்தால் விரலுக்குக் கிடைப்பது சிரங்கு. மூடா ஆறு வேண்டுமா, எல்லைக்கோடு வேண்டுமா, லங்காவியைச் சுற்றியுள்ள குட்டித் தீவுகளை விட்டுவிடலாமா, ஆற்றுக்கு நூலா, எல்லைக்கு உப்புத்தாளா என்று முடிவுசெய்ய வேண்டும். பாடமும் தெரிய வேண்டும், விரல் எப்படிப் படிக்கும் என்பதும் தெரிய வேண்டும். ஒரு பக்க அச்சு இரண்டு மூன்று பக்கப் பிரெயிலாகும். ஒரு பாடநூல் நாலைந்து தடித்த தொகுதிகளாக வந்து நிற்கும். அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கவும் கூடாது, பாரத்தில் புள்ளி படுத்துவிடும்.

பிறகு மெய்ப்புப் பார்க்கும் வேலை. பார்வையுள்ள ஒருவர் மூலத்தை உரக்க வாசிப்பார், பார்வையற்ற ஒருவர் பிரெயில் பிரதியை விரலால் தொடர்ந்துகொண்டே வருவார். காற்புள்ளி உட்பட. எங்கே இடறுகிறதோ அங்கே நிறுத்துவார். விரலால் வேகமாகப் படிக்கிற ஒருவரைவிட இந்த வேலைக்குத் தகுதியான ஆள் கிடையாது. பார்வையற்றவர்களுக்கு வேலை தேடித் தருகிறோம் என்று நாம் மார்தட்டும்போது பிரம்புக் கூடை, உடம்பு பிடித்துவிடுதல், கோப்பிக் கடை மேசை மேசையாக டிஷ்யூ விற்பது என்று யோசிக்கிறோமே, இது மட்டும் எப்படி நம் தலைக்குள் (அல்லது தரைக்குள்) ஏறவே இல்லை?

அமெரிக்காவில் காங்கிரஸ் நூலகத்தின் சான்றிதழ் வேண்டுமென்றால், பயிற்சியெல்லாம் முடித்து 35 பக்க மாதிரிப் பிரதி ஒன்றை எழுதி அனுப்ப வேண்டும். பிழைக்குப் பிழை மதிப்பெண் கழிப்பார்கள். கணக்குக்கும் சங்கீதத்துக்கும் தனித்தனிச் சான்றிதழ். அங்கே பல மாநிலச் சிறைகளில் கைதிகளுக்கு இந்தத் தொழிலைக் கற்றுக்கொடுக்கிறார்கள். உள்ளே இருந்தபடியே பள்ளிப் பாடநூல்களைப் பிரெயிலாக்கி, வெளியே வந்தபின் அதையே பிழைப்பாகக் கொண்டவர்கள் உண்டு. நம் தலைவர்களிலும் சிலர் உள்ளே போய் வந்திருக்கிறார்கள். அங்கே ஒரு பெர்கின்ஸ் எந்திரம் கிடந்திருந்தால் இந்தச் சமூகத்துக்கு அவர்கள் செய்த முதல் உருப்படியான காரியம் அதுவாக இருந்திருக்கும்.

அங்கே கைதிக்குக்கூடத் தொழில். இங்கே பட்டதாரிக்கும் சேவை. நம் மன்றங்கள் ஒருநாள் துணிந்து உண்மையைப் போட்டு விளம்பரம் கொடுத்தால் அது இப்படி இருக்கும்:

ஆள் தேவை. தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றும் பிழையற எழுதத் தெரிந்திருக்க வேண்டும். மூன்றின் பிரெயில் முறைகளும், கணிதக் குறியீடும், கணினியும் தெரிந்திருக்க வேண்டும். வரைபடங்களை விரலுக்கு ஏற்ப மாற்றத் தெரிந்திருக்க வேண்டும். தாள், ஊசி, எந்திரம் சொந்தமாக வைத்திருப்போருக்கு முன்னுரிமை. பரீட்சைக்கு ஒரு வாரம் முன்னால்தான் புத்தகம் தரப்படும். சம்பளம்: புண்ணியம். போனஸ்: வருடத்துக்கு ஒரு பொன்னாடை, திருப்பித் தர வேண்டியது. இபிஎஃப், சொக்சோ: மறுபிறவியில் வரவு வைக்கப்படும்.

அந்த நற்சான்றிதழ் விழாவுக்குப் பேனர் அடித்தவருக்குக் காசு கொடுத்தார்கள். கூடாரம் போட்டவருக்குக் கொடுத்தார்கள். பிரியாணி போட்டவருக்கு முன்பணமே கொடுத்தார்கள். ஒலிபெருக்கிக்காரரிடம் "அண்ணே, இது பார்வையற்ற பிள்ளைகளுக்காக, சேவையாப் பண்ணுங்க" என்று யாராவது சொல்லியிருந்தால் ஸ்பீக்கரைக் கழற்றிக்கொண்டு போயிருப்பார். டத்தோவின் மாலைக்குக்கூடப் பூக்கடையில் கடன் சொல்ல முடியாது. பிரெயில் தெரிந்த ஆசிரியை ஒருவரைத் தேடிப்போய், 'ஒரே ஒரு புத்தகம்தான் டீச்சர், லீவில செஞ்சு குடுத்துடுங்க' என்று கைகூப்புகிறபோது மட்டும்தான் இந்தக் கூட்டத்துக்குத் தர்மம் ஞாபகம் வருகிறது. அந்த ஒரே ஒரு புத்தகம் அவர் பள்ளி விடுமுறை முழுவதையும் தின்றுவிடும். தாள்காசும் அவருடையதாகவே இருக்கும். விழா மலரில் 'மற்றும் பலர்' என்ற இடத்தில் அவரும் இருப்பார்.

இது புதிதாக வானத்திலிருந்து விழுந்த வித்தையுமில்லை. பாளையங்கோட்டையில் ஆனி ஆஸ்க்வித் என்ற மிஷனரி அம்மையார் பார்வையற்ற பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லத் தொடங்கியது 1890 வாக்கில். பள்ளிக்கூடம் இன்றும் இருக்கிறது. 1951 என்ற ஒரே ஆண்டை எடுத்துக்கொள்ளுங்கள். யுனெஸ்கோ கூட்டிய மாநாட்டில் உலக பிரெயில் முறைகளை ஒழுங்குபடுத்தினார்கள், தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகள் எல்லாவற்றுக்கும் பாரதி பிரெயில் என்ற பொது முறை வந்தது. டேராடூனில் மத்திய பிரெயில் அச்சகம் தொடங்கியது. பெர்கின்ஸ் எந்திரம் விற்பனைக்கு வந்தது. கோலாலம்பூரில் மலேசியப் பார்வையற்றோர் சங்கம் பிறந்ததும் அதே 1951-இல். எழுத்துமுறை, அச்சகம், எந்திரம், சங்கம் என்று நான்கும் ஒரே வருடத்தில் கைக்கு வந்துவிட்டன. எழுதுகிற ஆளுக்குச் சம்பளம் என்ற ஐந்தாவது சாமான் மட்டும் எழுபது வருடம் தாண்டியும் கப்பலில் வந்துகொண்டே இருக்கிறது.

கெடாத் தோட்டத்து மக்களுக்குக் கண் போவதற்கு வழிகளில் பஞ்சமே இல்லை. ரப்பர் பால் உறைய ஊற்றுகிற ஃபார்மிக் அமிலம் தெறிக்கலாம். செம்பனைக் குலை அறுக்க அண்ணாந்து நிற்கிறபோது மட்டையிலிருந்து தூசியும் சிராயும் விழலாம். மெத்தனால் கலந்த கள்ளச் சம்சு ஒரே இரவில் பறிக்கலாம். இனிப்பு நீர் இருபது வருடம் எடுத்துக்கொண்டு மெதுவாகப் பறிக்கலாம். குழந்தையாக இருந்தால் குறை மாதப் பிறப்பிலேயே போகலாம். போனபிறகு என்ன?

பாடாங் செராய்ப் பிள்ளைக்கு ஆறேழு வயதில் பக்கத்தில் இருக்கிற அரசுப் பள்ளி, மாநில எல்லை தாண்டி புக்கிட் மெர்தாஜாம் ஆல்மாவில் இருக்கிற சிறப்புக் கல்விப் பள்ளி. அக்கரை போனால் பினாங்குத் தீவில் செயின்ட் நிக்கலஸ் இல்லம், 1926-இல் மலாக்காவில் தொடங்கிப் பின்னர் பினாங்குக்கு மாறியது. அரசுச் சிறப்புப் பள்ளி மலாய்வழி. பிள்ளை மலாய்ப் பிரெயில் கற்கும், ஆங்கிலப் பிரெயில் கற்கும், நன்றாகவே கற்கும். நாடு முழுக்க ஐந்நூற்றுக்கும் மேல் தமிழ்ப்பள்ளிகள் வைத்திருக்கிறோம் என்று நாம் பெருமைப்படுகிற அதே காலத்தில், அந்தப் பிள்ளையின் தாய்மொழி மட்டும் கைக்கு வராமல் காதோடு நின்றுவிடும்.

சட்டம் இல்லையா என்பீர்கள். பேஷாக இருக்கிறது. 1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டப்படி, தேசியப் பள்ளியில் குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால் தமிழ் வகுப்பு நடத்தலாம். ஒரு பார்வையற்றோர் பள்ளியில் தமிழ்ப் பிள்ளைகள் 15 பேர் சேரக் காத்திருங்கள். அதாவது, தமிழ் படிக்க வேண்டுமென்றால் இன்னும் பதினான்கு வீட்டில் கண் போக வேண்டும். 2008-இல் உடல்பேறு குறைந்தோர் சட்டம் வந்தது, சட்ட எண் 685. கல்வி, பிரெயில், தகவல் பெறும் உரிமை என்று நல்ல நல்ல வார்த்தைகள். மீறினால் தண்டனை என்ன என்று தேடினேன், ஒரு பிரிவும் கிடைக்கவில்லை. அரசாங்கத்தின்மீது வழக்குப் போடக்கூடாது என்பதற்கு மட்டும் 41-ஆம் பிரிவு பத்திரமாக இருந்தது. அடிக்கக்கூடாது என்று சொல்லிவிட்டு, அடித்தவன் கையைப் பிடிக்கவும் கூடாது என்கிற சட்டம். 2022-இல் மலேசியா மராகேஷ் உடன்படிக்கையிலும் சேர்ந்தது. பார்வையற்றோருக்காகப் புத்தகத்தைப் பிரெயிலாக்கப் பதிப்புரிமைக்காரரிடம் போய் நிற்க வேண்டாம் என்பதுதான் அதன் சாரம். அதுவரைக்கும் 'பதிப்பாளர் அனுமதி கிடைக்கலைங்க' என்று ஒரு சாக்காவது இருந்தது. அந்தச் சாக்கையும் உலகம் பிடுங்கிவிட்டது. பாவம் நம்மவர்கள்.

சாக்குக்கு என்ன குறை? இப்போது புதுசு வந்திருக்கிறது. "போன்தான் படிச்சுச் சொல்லுதே, இன்னும் எதுக்கு இந்தப் புள்ளி?"

சொல்பவர் ரோட்டி சானாயைப் பிய்த்துக்கொண்டே சொல்வார், அவர் பிள்ளையை மட்டும் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தனி வகுப்புக்கு அனுப்பியிருப்பார். வாழைப்பழத்தை வாளப்பளம் என்று சொல்கிற ஊர் இது. காதால் மட்டுமே தமிழ் கற்ற பிள்ளைக்கு பள்ளி, பல்லி, பழி மூன்றும் எங்கே பிரிகின்றன என்று எப்படித் தெரியும்? அரத்துக்கும் அறத்துக்கும் எந்தப் போன் வித்தியாசம் சொல்லும்? பிரெயிலில் ல, ள, ழ மூன்றும் விரலுக்கு வேறு வேறு. ந, ன, ண மூன்றும் வேறு வேறு. மேடைப் பேச்சாளர்களின் நாக்கு தமிழுக்குச் செய்த அத்தனை அக்கிரமத்தையும் அந்த ஆறு புள்ளி சரிசெய்து கொடுக்கும். எழுதப் படிக்கத் தெரிவது வேறு, கேட்டுத் தெரிந்துகொள்வது வேறு. தோட்டத்துக் கிராணி வாசித்துக் காட்டிய கணக்கை நம்பிக் கைநாட்டு வைத்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம், நமக்கா இது புரியாது?

இன்னொரு கட்சி, "சாஃப்ட்வேர் இருக்குதே, பட்டனைத் தட்டினா பிரெயில்" என்கிறது. இருக்கிறது. டக்ஸ்பரி இருக்கிறது, இலவசமாக லிப்லூயி இருக்கிறது. ஒழுங்கான யுனிகோட் தமிழைக் கொடுத்தால் ஒழுங்காக மாற்றித் தரும். நம் பள்ளியில் தட்டி வைத்திருப்பது எந்தக் காலத்து எழுத்துருவோ. மென்பொருள் அதை வாங்கிக்கொண்டு துப்புகிறது, 'அகர முதல' என்று போட்டால் ஆங்கிலக் குப்பையாக வந்து விழுகிறது. அட்டவணையைப் பார்த்தால் வரிசையைக் கலக்கிவிடும். படத்தைப் பார்த்தால் கம்மென்று தாண்டிப்போய்விடும். எதைத் தாண்டியது என்று சொல்லவும் சொல்லாது. அதை உட்கார்ந்து சரிபார்க்கிறவர்தான் நான் இவ்வளவு நேரம் சொல்லிக்கொண்டிருக்கிற ஆள். உலகத் தமிழர் கணினியில் தமிழ் தட்டப் பழகிய முரசு அஞ்சலை உருவாக்கிய முத்து நெடுமாறன் மலேசியர். திரையில் தமிழை ஏற்றிய நாடு தாளில் ஆறு புள்ளியை ஏற்ற ஆளில்லாமல் நிற்கிறது என்றால் குறை திறமையில் இல்லை, கல்லாப்பெட்டியில் இருக்கிறது.

மாநாடுகளுக்குக் குறையில்லை. உலகத் தமிழாராய்ச்சி மாநாடு கோலாலம்பூரில் நான்கு தடவை நடந்திருக்கிறது: 1966, 1987, 2015, 2023. அதோடு கெடாவுக்குக் கடாரப் பெருமை வேறு. இராஜேந்திர சோழன் 1025-இல் கப்பல்படை அனுப்பிக் கடாரத்தை வென்றான் என்பதைச் சொல்லாமல் எங்கள் ஊரில் ஒருவரும் மைக்கைக் கீழே வைப்பதில்லை. பூஜாங் பள்ளத்தாக்குச் செங்கல்லைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். 2013-இல் அதே பள்ளத்தாக்கின் பழைய சண்டிக் கோயில் ஒன்றை வீட்டுமனைக்காக இடித்துத் தள்ளிய பிறகுதான் பலருக்கு அது அங்கே இருந்ததே தெரிந்தது. ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் ஒரு படையே கடல் தாண்டி வந்ததாம். ஆயிரம் வருஷத்துக்குப் பின்னால் பூந்தமல்லியிலிருந்து ஒரு தமிழ்ப் பிரெயில் புத்தகம் மெர்போக் வந்து சேர வழி தெரியவில்லையாம். பார்வையற்றோர் எழுதிய அஞ்சலுக்கும் பிரெயில் நூல்களுக்கும் அஞ்சல் கட்டணமே வாங்கக்கூடாது என்பது உலக அஞ்சல் ஒன்றிய விதி. கப்பல் கட்டவும் வேண்டாம், கலம் ஓட்டவும் வேண்டாம், கட்டிக் கொடுத்துத் தபாலில் போடுவதற்கு ஓர் ஆள் போதும்.

கணக்குத் தெரிந்தவர்களுக்காகக் கணக்கிலேயே சொல்கிறேன். இந்த நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் இப்போது 1,700 ரிங்கிட். எழுதுகிறவர் தேர்ந்த தொழிலாளி, அவருக்கு மாதம் 4,000 கொடுங்கள். மெய்ப்புப் பார்க்கும் பார்வையற்றவருக்கு 3,500. இரண்டும் சேர்ந்து வருடத்துக்கு 90,000. நன்கொடை விருந்தில் மேசைக்கு ஆயிரம் என்று நூறு மேசை போடுகிறோம், அது ஒரு லட்சம். மீதிப் பத்தாயிரத்தில் தாளும் ஒரு பெர்கின்ஸும் வரும். ஒரே ஒரு இரவு, நாம் கோழிக்கால் கடிக்காமல் வீட்டில் ரசம் சாப்பிட்டுப் படுத்தால், சுங்கை பட்டாணியில் ஒரு கடைவீட்டு மாடியில் இரண்டு பேர் வருடம் முழுக்க உட்கார்ந்து ஆரம்பப்பள்ளித் தமிழ் நூல்களை வரிசையாக எழுதித் தள்ளுவார்கள்.

இந்தக் கணக்கை ஒரு துண்டுத்தாளில் எழுதி, மன்றப் பொருளாளர் ஒருவரிடம் கோப்பிக் கடையில் வைத்துக் கொடுத்தேன். நல்ல மனிதர். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை பார்த்தார். கூட்டல் சரியாக இருக்கிறது என்றார். கோப்பியை உறிஞ்சினார்.

"மாசா மாசம் சம்பளமா? ஒரே தடவையாக் குடுத்து போட்டோ எடுத்துக்க முடியாதா தம்பி?"

"முடியாதுங்கண்ணே. வேலை மாசா மாசம் நடக்குமே."

"அப்ப வருசத்துக்குப் பன்னண்டு செக் போடணும்." தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். எழுந்து பில்லை அவரே கட்டினார். போகிறபோது திரும்பி, குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"அந்த ரெண்டு பேருக்கும் எந்தத் தொகுதியில ஓட்டு?"